வெள்ளாம்பல் கப்பலும் கமலாத்தாள் குடமும்

கோவிந்தாபுரத்தில் காளிச்சாமி வீட்டுக் கிணற்றில் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். கடற்கரை அங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பாலக்காடு டவுன் இருக்கிறது, ஆறு இருக்கிறது, எத்தனையோ ரயில்வே கேட் இருக்கிறது. ஏற்றத்தில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும், இறக்கத்தில் அடியில் சேறு மட்டும் மிஞ்சும். மத்தி வரும், சில மாதங்களில் சொறிமீன் வரும். 1987இல் ஒரு சிவப்பு மிதவை வந்தது. துறைமுகத்திலிருந்து ஜீப்பில் இரண்டு பேர் வந்து நம்பரைச் சரிபார்த்து, காளிச்சாமியின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தூக்கிப் போனார்கள். அது இங்கே எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அரசாங்கத்து ஆட்களுக்குப் பொருள் கிடைத்தால் போதும்.

காரணம் ஊருக்கே தெரியும். இருநூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பு இந்த வீட்டு மூதாதை பொன்னயன் கிழக்கு மலையில் தேக்கு வெட்டி மாட்டு வண்டிகளில் கடற்கரைக்கு அனுப்பினார். அந்தத் தேக்கில் அன்றைய அரசர் கட்டிய ‘வெள்ளாம்பல்’ என்ற போர்க்கப்பல், எதிரி ஒருவன்கூடக் கண்ணில் படாத ஓர் அமைதியான காலையில், கரையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கக் கவிழ்ந்தது. நூற்றுப் பதினோரு பேர் செத்தார்கள். நீந்தித் தப்பிய கப்பல் தலைவன், மரம் உளுத்த மரம் என்றான். விசாரணை ஓலையும் அப்படியே எழுதியது. அந்த வாரமே பொன்னயன் வீட்டுக் கிணறு உப்புக் கரித்தது, வீட்டுக்குக் ‘கப்பல் கவுத்தவங்க ஊடு’ என்று பேராகிவிட்டது. சரித்திரக்காரர்கள் மட்டும் ஓயவில்லை. மரமா, தலைவனா, எதிரியின் சதியா என்று இருநூறு வருடம் புத்தகம் போட்டு அடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கிணற்றை வந்து எட்டிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

காளிச்சாமியின் மனைவி கமலாத்தாள் முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் கிணற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. உப்பை அவள் சகித்துக்கொண்டாள். பங்குனியில் வரும் மாரியம்மன் நோன்பித் திருவிழாதான் அவளால் சகிக்க முடியாதது. கோயில் முன்னால் முக்கிளைக் கம்பம் நட்டுப் பதினைந்து நாள், ஊர்ப் பெண்கள் விடிந்ததும் குடத்தோடு வரிசையில் நின்று அதற்கு நீர் ஊற்றுவார்கள். அவரவர் வீட்டுக் கிணற்று நீராக இருக்க வேண்டும், இரவல் நீர் ஆகாது. பழி சுமந்த வீட்டு நீரும் ஆகாது. அறுநூறு அடிக்கு போர் போட்டுப் பார்த்தார்கள், அதிலும் கடல்தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு பங்குனியும் கமலாத்தாள் வெறுங்கையோடு போவாள். நிற்க முடியாமல், வரிசை முடியும்வரை கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். அவள் நடந்த தடம் கணுக்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிடும், கோயில் கமிட்டி வருடா வருடம் மண் கொட்டி அதை மூடும்.

2022 ஐப்பசியில் சில பழைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஐரோப்பாவில் ஏதோ ஒரு அரசின் தூதர் அந்தக் காலத்தில் தன் ராஜாவுக்கு எழுதிய எட்டுக் கடிதங்கள். ஆறாவது கடிதத்தில் தூதர் உள்ளதைக் கொட்டியிருந்தார். கப்பல் உறுதியான கப்பல், மரத்தை நானே தட்டிப் பார்த்தேன். என்னை வரவேற்கக் கீழ்த்தட்டுப் பீரங்கிகளை வெடித்தார்கள், வெடித்த பிறகு அந்தத் துளைகளை மூட மறந்தார்கள், ஒரு பெரிய அலை உள்ளே புகுந்தது. எனக்குச் செய்த மரியாதையால் மூழ்கிய கப்பல் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. டிவிக்காரர்கள் ஒரு மாதம் இதை வைத்துப் பிழைத்தார்கள். துறைமுகத்து ஊரில் கப்பல் தலைவனின் சிலைக்கு ஒரு கட்சி மாலை போட்டது, இன்னொரு கட்சி கண்ணைக் கட்டியது.

கார்த்திகையில் பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து துரைசுவாமி என்ற ஓய்வுபெற்ற தபால் அதிகாரி பஸ் பிடித்துக் காளிச்சாமி வீட்டுக்கு வந்தார். அவர் குடும்பத்தில் மூத்த ஆண்களுக்கு வலது கை ஓயாது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் காற்றில் எதையோ எழுதிக்கொண்டே இருக்கும். உட்காரச் சொன்னபோது அவர் உட்காரவில்லை.

“அந்த விசாரணை ஓலையை எழுதினது எங்காத்து சேஷய்யனாக்கும். புஸ்தகத்துல பேரோட போட்டிருக்கு. மரத்துல தோஷமில்லேன்னு அவருக்குத் தெரியும். சொன்னதை எழுதிட்டார்.”

“எழுதலீன்னா என்னங்க பண்ணியிருப்பாங்க?” என்றார் காளிச்சாமி.

“கையை வெட்டியிருப்பா.”

காளிச்சாமி தலையாட்டினார். கமலாத்தாள் விடவில்லை. “கையி தப்பிச்சுதுங்க சாமி. எங்க தண்ணி போச்சுங்களே,” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். துரைசுவாமியின் கை அந்த நிமிடம் நின்றது. அசையாத கையை வைத்துக் குடித்துப் பழக்கமில்லாததால் மோரில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

இனி நீர் இனித்துவிடும் என்று ஊரே நம்பியது. ஆனால் எதையும் கையில் காகிதம் இல்லாமல் செய்ய மாநில எல்லை ஊர்க்காரர்களுக்கு வராது. காளிச்சாமி வில்லேஜ் ஆபீஸில் அபேட்சை மனு கொடுத்தார். அங்கே ஆபீசராக இருந்த ஜிபி, மலைமேல் மாட்டுப்பட்டி என்ற ஊரில் பிறந்தவர். மேகம் இறங்கி அணையில் தண்ணீர் குடித்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், புருவத்தைக்கூடத் தூக்காமல், புத்தகத்தின் பக்க எண்ணைக் குறித்து, ‘மரத்தில் குற்றமில்லை’ என்று முத்திரையோடு ஒரு சர்டிபிக்கெட் கொடுத்தார். காளிச்சாமி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அதைக் கிணற்றைப் பார்த்து உரக்கப் படித்தார். கேட்காமல் போயிருக்குமோ என்று இரண்டாம் தடவையும் படித்தார். சாயங்காலம் கடல் எப்போதும்போல ஏறியது. ருசி பார்த்தார்கள். கரித்தது.

கமலாத்தாளுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பங்குனி வரை சோற்றைக்கூட நடந்துகொண்டேதான் தின்றாள். கம்பம் நடுவதற்கு முந்தைய நாள் சர்டிபிக்கெட்டை எடுத்துக்கொண்டு கமிட்டித் தலைவர் பூபதிராஜாவிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான், நெளிந்தார்.

“பழி போச்சுங்க்கா, ஒத்துக்கறோம். ஆனா உப்புத் தண்ணிய எப்படிங்க்கா ஆத்தா கம்பத்துல ஊத்தறது?”

“கம்பத்தடியில வருசா வருசம் உப்பும் மொளகும் கொட்டறது ஆரு தம்பி? நீங்கதான? நீங்க கடையில வாங்கிக் கொட்டறீங்க. எனக்குக் கெணத்துலயே வருது.”

கமிட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் ஊற்றலாம் என்றார்கள். இத்தனை தலைமுறையாக இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்ற வெட்கம் எல்லார் முகத்திலும் இருந்தது.

மறுநாள் விடியலில் அவள் வரிசையில் நின்றாள். பாதி நீர் சேலையில் சிந்தியது, மீதியை ஊற்றினாள். அழுதாள், மறைக்கவில்லை. கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் இப்படிப் போனது. கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் பிந்தும். ஐந்தாம் நாள் பெண்கள் கூடிய நேரத்தில் கடல் இறங்கிப்போயிருந்தது, கிணற்றில் சேறுதான். கமலாத்தாள் அங்கே விளிம்பைப் பிடித்தபடி சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் பூபதிராஜா, நேரமாகிறது, ஊற்றுங்கள் என்றார். எல்லா வருடமும் முதல் குடம் ஊற்றுகிற குருவம்மாள் தன் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

“கமலாத்தா வரட்டும்.”

பின்னால் நின்ற அத்தனை பேரும் இறக்கி வைத்தார்கள். கடல் ஏற மத்தியானமாகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சோறு அங்கேயே கொண்டுவந்து ஊட்டினார்கள், வெயிலைத் திட்டினார்கள், யாரும் போகவில்லை. அதற்கடுத்த வருடத்திலிருந்து நோன்பி நோட்டீஸில் கம்பத்துக்கு நீர் ஊற்றும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி அச்சாகிறது. ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், அப்போதுதான் கமலாத்தாள் குடம் நிறையும் என்கிறார்கள்.