வலைத்தட்டைக் கழற்றிய கதை

1

இந்தக் கதை என் தலைக்கனத்தில் பிறந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

எங்கள் வீட்டில் காபி போடுவது நான். கருவி ரொம்ப எளிது. ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு மூடி, மூடியின் நடுவே மேலும் கீழும் போய்வரும் கம்பி, கம்பியின் அடியில் ஒரு வலைத்தட்டு. வெந்நீரில் காபித்தூளை ஊறவைத்துத் தட்டைக் கையால் அழுத்தினால் தூள் அடியில் தங்கிவிடும், காபி மேலே நிற்கும். பிரெஸ் என்று சொல்வோம். விற்ற கடைக்காரரே இதை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். அதே பிரெஸ்ஸில் நான் போடும் காபிக்கு எங்கள் தெருவில் ஈடு இல்லை. இதை ஊருக்குச் சொல்லாமல் விடுவது அநியாயம் என்று தோன்றியது, இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி கதையில் வருவதாகவே இல்லை.

2

முதல் தொடக்கம்: "தண்ணீர் கொதித்து அடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் மனிதன் தன்னை —"

(தன்னை என்ன? எனக்கும் தெரியவில்லை. அடித்துவிட்டேன், ஆனால் உங்கள் கண்ணில் படட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் மூக்கு போன அன்று மழை —"

(மழை பெய்யவில்லை. மூக்கும் எங்கேயும் போகவில்லை, முகத்தில்தான் இருக்கிறது. போனது வாசனை. பாருங்கள், வருவதாக இல்லாதவள் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.)

சரி, அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வரும் வெண்ணெய், எண்ணெய் எல்லாவற்றையும் மோந்து பார்த்து உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்வதுதான் வேலை. சிக்கு வாடை மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். லாரி ஓட்டுநர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்களாம், புருவம் ஏறினால் சரக்கோடு திரும்ப வேண்டியதுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அதோடு வாசனையும் போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே நேராக மேலாளர் அறைக்குப் போயிருக்கிறாள்.

"எனக்கு வாசனை தெரியல சார். மோந்து பாக்கற மேசையில நான் உக்காரக் கூடாது."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்மா. அதுவரைக்கும் சும்மா உக்காருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"சாப்பிடறவங்களுக்குத் தெரியும் சார்."

அன்றிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒட்டும் லேபிள்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வாசனை திரும்பினால் அந்த மேசைக்கு வரலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மருத்துவர் சொன்னதற்காக அல்ல, மேலாளரிடம் அவள் சொன்னதற்காக.

3

என் காபிக்கு நிஜமான நீதிபதி அவள் ஒருத்திதான்.

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், ஞாயிறு தவறாமல் வருவார். சூடாக எதைக் கொடுத்தாலும் "பிரமாதம் மாப்பிள்ளை" என்பார். (இவரைக் கதையில் வைத்துக்கொள்வதா என்று யோசித்தேன். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பாத்திரம். நிஜத்திலும் அப்படித்தான், அதனால் வைத்துக்கொண்டேன்.)

அவளோ எப்போதாவதுதான் "நல்லாருக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் வாரக்கணக்கில் தூளின் பருமனை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சொல் வரவே இல்லை. தினமும் காலையில் கோப்பையை வாங்கிக் குடிப்பாள். "சூடா இருக்கு. கசப்பு அளவா இருக்கு. வேற ஒண்ணும் தெரியல" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "சும்மாவாவது நல்லாருக்குன்னு சொல்லேன்."

"தெரியாததுக்கு எப்படிச் சொல்றது? இப்போ சும்மா சொன்னா, முன்னாடி தெரிஞ்சு சொன்னதையும் நீங்க நம்ப மாட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் போன பிறகு, இவள் என் மனைவி என்று நான்கு பேரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

4

காபிக்கு வருவோம்.

தூள் கல் உப்பு மாதிரி கொரகொரப்பாக இருக்க வேண்டும். மாவாக அரைத்தால் வலைக்குள் நுழைந்து நாக்கில் மண்ணாகப் படியும். தண்ணீர் கொதித்ததும் ஊற்றக் கூடாது, கொஞ்சம் அடங்கட்டும்.* முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றினால் நுரைத்துப் பூரித்து மேலே வரும். மரக்கரண்டியால் ஒரு கிண்டு. மீதித் தண்ணீர், மூடி, நாலு நிமிடம் சும்மா இருத்தல். பிறகு கம்பியை அழுத்த வேண்டும், அவசரமில்லாமல். கை கொஞ்சம் எதிர்ப்பை உணர வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் தூள் ரொம்பப் பெரிசு. முரண்டு பிடித்தால் ரொம்பப் பொடி. அழுத்தியதும் முழுக்க ஊற்றிவிட வேண்டும், குடுவையில் விட்டுவைத்தால் கசந்துபோகும்.

[* எவ்வளவு அடங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நான் அந்த நேரத்தில் கோப்பைகளுக்கு வெந்நீர் காட்டுவேன். கோப்பை சூடாகிறது, தண்ணீர் ஆறுகிறது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.]

"வலைத்தட்டு மொத்தம் —" என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். மொத்தம் எத்தனை அடுக்கு? சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை காலம் குழாயடியில் காட்டிக் கழுவியதோடு சரி. தப்பாக எழுதினால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். எழுந்து போய்க் கம்பியின் திருகைக் கழற்றினேன். ஓட்டை போட்ட தகடு ஒன்று, மெல்லிய வலை ஒன்று, ஓரத்தில் சுருள்கம்பி சுற்றிய தட்டு ஒன்று. அடுக்குகளுக்கு நடுவே பழைய காபி எண்ணெய் கறுப்பாக அப்பியிருந்தது. தெருவிலேயே ஈடில்லாத காபி என்று எழுதியவனுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். சோப்பைக் குழைத்துப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். அடுக்குகளின் வரிசை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் ஒரு அலசு அலசி மாட்டிவிட்டு மேசைக்கு ஓடிவந்தேன்.

(அந்த ஒரு அலசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

5

மச்சான் வந்தார். எழுதிய வரைக்கும் வாங்கிப் படித்தார்.

"முடிவு எங்க மாப்பிள்ளை?"

"இன்னும் வரல."

"இதுல என்ன கஷ்டம்? கடைசியில அவ ஒரு வாய் குடிக்கறா. ஒண்ணும் தெரியல. ஆனா உங்க மூஞ்சியப் பாக்கறா. கண்ணு கலங்க, நல்லாருக்குங்கன்னு சொல்றா. படிக்கறவன் அழுதுடுவான்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அண்ணா, கதையில கூட என்னைப் பொய் சொல்ல வெக்காதே."

மச்சானின் முடிவை அடித்துவிட்டேன். அது இதோ: "அவள் விழியோரத்தில் ஒரு துளி —"

காபி போட்டேன். எல்லாம் முறைப்படி. கையில் அந்த எதிர்ப்பு கச்சிதமாக வந்தது. மூன்று கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். மச்சான் எடுத்த எடுப்பில் பாதியைக் குடித்தார்.

"பிரமாதம் மாப்பிள்ளை."

அவள் கோப்பையைத் தூக்கினாள். உதடு வரைக்கும் போனது, படவில்லை. அங்கேயே நின்றது. புருவம் ஏறியது.

"என்ன இது, எலுமிச்சை…" என்றாள். மறுபடி மோந்தாள். "எலுமிச்சை இல்ல. எலுமிச்சைன்னு ஏமாத்தற சோப்பு."

மச்சான் தன் கோப்பையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். சோப்புக் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனாள், வைத்தாள். எண்ணெய் பாட்டிலைத் திறந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், மூடினாள். காபித்தூள் டப்பாவைத் தொட்டுவிட்டுத் திறக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து, லாரி ஓட்டுநரிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்: "இத எடுத்துட்டுப் போங்க. குடிக்கவே முடியாது."

என் காபிக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இவ்வளவு பெருமை எப்போதும் வந்ததில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டேன்.

6

முடிவுகள்.

(அ) சோப்போடு சேர்ந்து எல்லா வாசனையும் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை அவள் தன் மேசைக்குப் போகிறாள்.

(ஆ) அன்றைக்குத் தெரிந்தது சோப்பு மட்டும்தான். பாட்டிலில் அவளுக்கு எண்ணெய் தெரியவில்லை, உதட்டைப் பிதுக்கியது அதனால்தான். லேபிள்கள் காத்திருக்கின்றன.

(இ) —

மூன்றாவதை எழுதப்போகும்போது அவள் பின்னால் வந்து நின்று படித்தாள். வலைத்தட்டை மறுபடி கழற்றி, அடுக்கடுக்காக வெந்நீரில் அலசி, புதுத் தூள் போட்டு ஊறவைத்திருந்தேன். பிரெஸ் மேசைமேல் இருந்தது, கம்பி இன்னும் மேலேயே நின்றது.

"இதுக்கு நான் என்ன சொல்வேன்னு எழுதப்போறீங்களா?"

"ஆமா."

"எழுதாதீங்க. நான் இன்னும் மோந்து பாக்கல."

அதனால் நான் பேனாவை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடிக்கப் போகிறேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூடியருகே குனிந்துவிட்டாள். கதையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், அவளை மேசைக்கு அனுப்புங்கள், லேபிளிலேயே உட்காரவையுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குத் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்ல விடுங்கள்.