மீனுக்கடியில் இருந்த கண்மருந்து

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் தரப்பில் குடும்பத் தலைவன் என்ற முறையில் கோஃபி அடோமாக்கோவாகிய நான், என் தங்கை மகள் அட்வோவா ஃப்ரேமா, அவள் தம்பி குவாக்கு டாவியா. இறந்துபோன அவள் கணவரின் தரப்பில் அவர்களுடைய குடும்பத் தலைவர் யாவ் பெர்க்கோ, இறந்தவரின் அக்கா யா ப்ருவா. வேறு யாரும் இல்லை. மம்பொங் ஊரில் பாதிப் பேர் தாங்களும் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பந்தலில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ரேமாவின் கணவர் குவாபெனா அமோவை அன்று காலையில்தான் அடக்கம் செய்திருந்தோம். குழியருகே அவர் வீட்டுப் பெண்கள் தரையில் புரண்டு அழுதார்கள். ஃப்ரேமா கறுப்புத் துணி கட்டி நிமிர்ந்து நின்றாள். கண்கள் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன. ஒரு சொட்டு நீர் இல்லை. புருஷனுக்கு அழாத பெண்ணை எங்கள் ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளால் அழ முடியாது. வாயில் எச்சிலும் கண்ணில் நீரும் சுரக்காத ஒரு நோய் அவளுக்கு. கடையில் விற்கும் சொட்டு மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் குமாசி நகரத்தில் ஒரு டாக்டரம்மா வழி கண்டுபிடித்தார். அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, உப்புநீர் கலந்து, சின்னச் சின்ன சீசாக்களில் அடைத்துக் கொடுப்பார்கள். கண்ணீரில் இருக்கும் சத்துகள் பல ரத்தத்திலும் இருக்கின்றனவாம். கண் தராததை உடம்பின் வேறு இடத்திலிருந்து கடன் வாங்குவது என்று நான் புரிந்துகொண்டேன். சீசாக்கள் எப்போதும் குளிரில் இருக்க வேண்டும். அவளுக்கு உடம்பில் ரத்தம் குறைவு. இருப்பது கெட்டுப்போனால் மறுபடி எடுக்க மாதங்கள் ஆகும்.

சாவுச் சாப்பாட்டுக்கு மீன் எடுக்கப் போன யா ப்ருவா, ஃப்ரீசரில் மீனுக்கடியில் அந்த சீசாக்களைக் கண்டாள். இது என்ன என்று கேட்டாள். "என் ரத்தம்" என்றாள் ஃப்ரேமா. மருந்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பெண்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே ஐந்து பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். சீசாக்கள் மேசைமேல், ஜன்னல் வெயிலில், சாராயப் புட்டிக்குப் பக்கத்தில் இருந்தன.

"பெரியவரே, நல்லாப் பாருங்க," என்றாள் யா ப்ருவா என்னிடம். "என் தம்பி தின்ன மீனுக்கடியில உங்க பொண்ணோட ரத்தம். நல்லா இருந்தவன் எப்படிச் செத்தான்னு நான் இனிமே யாரைக் கேக்கணும்?"

"வழக்கை அப்புறம் பேசலாம். முதல்ல அதைக் குளிர்ல வைங்க. கெட்டுப்போயிடும்," என்றேன்.

"சூனியம் கெட்டுப்போனா நல்லதுதானே?"

நான் டாவியாவைப் பார்த்தேன். அவன் போய்ப் பந்தலிலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து, மால்ட் பானப் புட்டிகளுக்கு நடுவே சீசாக்களை வைத்தான்.

"பார்த்துடா, யாராவது தாகத்துல எடுத்துக் குடிச்சுத் தொலைக்கப் போறான்," என்றார் யாவ் பெர்க்கோ. யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அடோமாக்கோ, நமக்குள்ள எதுக்குச் சண்டை? ஆத்தங்கரைச் சாமி முன்னாடி உங்க பொண்ணு சத்தியம் பண்ணட்டும். தப்பு இல்லேன்னா என்ன பயம்?"

அந்தச் சத்தியம் செய்தவள் பிழைத்தாலும் அவள் பெயர் பிழைக்காது. அவள் மகள்களைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண் எவளும் அந்த ஆற்றங்கரையில் நின்றதில்லை. நான் இருக்கும்போது நிற்கவும் கூடாது.

எழுந்து நின்றேன். "ரத்தம் தாய்வழி வர்றது. அது உங்களுக்கும் தெரியும். என் அம்மா ரத்தம்தான் என் தங்கைக்கு, அதுதான் இவளுக்கு. அந்த சீசாவுல இருக்கறது என் ரத்தம். அதுல கெடுதல் இருந்தா என்கிட்டக் காட்டட்டும். எடுத்து என் கண்ணுல ஊத்துங்க!"

"வேண்டாம் மாமா," என்றாள் ஃப்ரேமா. "யார்கிட்ட எடுத்தாங்களோ அவங்க கண்ணுக்கு மட்டும்தான் அது. வேற யாருக்கும் போடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"ஊத்திக்கட்டுமே!" யா ப்ருவா கை தட்டினாள். "சொந்த ரத்தம் அவரை என்ன பண்ணும்? ஒரே வயித்து ரத்தம்னு அவரே சொல்றாரு. என் தம்பி வேற வயித்துப் பிள்ளை. அதான் போயிட்டான்."

தோள் துணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

ஃப்ரேமா ஐஸ் பெட்டிக்குள் துழாவி ஒரு சீசாவை எடுத்தாள். இமைக்கும்போதெல்லாம் கண்ணில் மணல் உரசுவது போலிருக்கும் என்று முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறாள். தலையைச் சாய்த்துப் பிதுக்கினாள். அதே நோயால் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் குறி தவறி நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில்.

"தினமும் இப்படித்தான் போட்டுக்கறியா?" என்றார் யாவ் பெர்க்கோ.

"நான் போட்டதில்ல. அவர்தான் போடுவார்."

"எவர்?"

"உங்க அமோதான். ஐஸ் குடுவையைத் தூக்கிட்டு என்கூட குமாசிக்கு வர்றதும் அவர்தான். விடிஞ்சதும் என் தலையை மடியில வச்சுக்குவார். மன்னிச்சுக்கோ ஃப்ரேமான்னு ஒரு தரம் சொல்லிட்டுத்தான் ஊத்துவார்."

"எதுக்கு மன்னிப்பு?"

ஃப்ரேமா தயங்கினாள். "இடது கையால ஊத்தறதுக்கு."

யாவ் பெர்க்கோவுக்கு முகம் மாறியது. "எங்க வீட்டுப் பிள்ளை பெண்டாட்டிக்கு இடது கையால எதையாவது குடுப்பானா? பொய் சொல்றதுக்கும் ஒரு மரியாதை வேணும்மா!"

"வலது கைல குறி வராது, சொட்டு கன்னத்துக்குப் போயிடும்பார். வெளியில சொல்லிடாதேம்பார். இன்னிக்குச் சொல்லிட்டேன்."

யா ப்ருவா யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"அது பொய் இல்ல. சின்னதுல அவன் இடது கையாலதான் எல்லாம் பண்ணுவான். அம்மா அடிப்பா. அந்தக் கையைத் துணியால இடுப்போட கட்டி வச்சோம். கட்டினது நான். அப்புறம் வெளியாள் யாரும் பார்த்ததில்ல." பிறகு, "மறந்துட்டான்னு நினைச்சேன்," என்றாள்.

அக்காவையும் மனைவியையும் தவிர அந்த அறையில் யாருக்கும் தெரியாத ஒன்று அது; அவர் காட்டாமல் ஃப்ரேமாவுக்குத் தெரிந்திருக்காது. மருந்தை ஒளித்து வைத்து ஒருவனைக் கொல்கிறவளின் தலையை அவனே மடியில் வைத்துக்கொண்டு, ஒளித்து வைத்த கையால் அதை ஊற்றியிருக்க மாட்டான். இதை நான் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

யா ப்ருவா எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தாள். "குடுடி இங்க. தலையைச் சாய்."

"ஒரு சொட்டு போதும் அக்கா."

"தெரியும், தெரியும். ஆடாம இரு."

யாவ் பெர்க்கோ சாராயத்தைத் திறந்து, முன்னோருக்குத் தரையில் ஊற்றி, சத்தியம் எதுவும் தேவையில்லை, வழக்கு முடிந்தது என்று தம் வாயால் சொன்னார். பிறகு டாவியா கதவைத் திறந்தான். வாசலில் நின்ற பெண்கள் ஃப்ரேமாவின் கன்னத்தில் ஈரம் வழிவதைப் பார்த்துப் பெரிதாகக் குரலெடுத்தார்கள். பந்தல் முழுவதும் அந்த அழுகை பரவியது.

ஃப்ரேமா கடைசியில் புருஷனுக்காகக் கண்ணீர் விட்டாள் என்று இப்போது ஊரில் பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது நல்ல பேச்சுதான். ஆனாலும் அது உண்மை இல்லை. அவள் கண்ணீர் விடவில்லை. யா ப்ருவா மருந்தை அதிகமாக ஊற்றிவிட்டாள்.