மண்ணையும் எடுத்தவள்

முத்துப்பேட்டைக்கு மேற்கே, வாய்க்கால் மதகில் காலையிலேயே ஊர் திரண்டிருந்தது. ஒரு மாதமாகக் கெஞ்சியும் வராத தண்ணீர் அன்று நுரைத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் பூத் தூவ, ராஜாத்தி கற்பூரம் ஏற்றினாள். குத்தகை நிலத்தில் அவள் விட்ட நாற்று இரண்டு தடவை கருகிவிட்டது. பக்கத்து இறால் பண்ணை வாய்க்காலில் திறந்துவிடும் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று மனு கொடுத்திருந்தாள். சோதனை செய்ய ஜீப் வரும் நாளும் அதுதான். இரண்டும் ஒன்றாகக் கூடிவந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜீப்பிலிருந்து அதிகாரியும், ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் அனுராதாவும் இறங்கினார்கள். விதிப்படி வாய்க்கால் தண்ணீரை மட்டும் பிடிக்கச் சொன்னார் அதிகாரி. பிடித்துவிட்டு, தண்ணீர் எப்போது வந்தது என்று அனுராதா விசாரித்தாள்.

"விடியக்காலைலதாம்மா. சாமி மாதிரி வந்துச்சு," என்றாள் ராஜாத்தி.

"உப்பையெல்லாம் கழுவிட்டுப் போயிருச்சுக்கா. இனி இந்தத் தண்ணில ஒண்ணும் தெரியாது."

ராஜாத்திக்குச் சுரீர் என்றது. பண்ணைக்காரர் ஆளுங்கட்சிப் பெரும்புள்ளி. மதகு யார் சொல்லித் திறந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கும்பிட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

அனுராதா செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, உப்பு தங்கியிருக்கும் மண்ணை முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் பையில் கட்டினாள். மண் கணக்கில் வராது, ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும் என்றார் அதிகாரி.

"இருக்கு சார். மண்ணுல உள்ளதையும் எழுதிடறேன்."

என்ன நெஞ்சுரம் அந்தப் பெண்ணுக்கு! வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

தண்ணீரில் உப்பில்லை என்று பண்ணைக்கு அனுமதி நீண்டது. அனுராதாவின் வேலை நீளவில்லை. மறு வருடம் சென்னையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று பழைய அறிக்கைகளைப் புரட்டியபோது அவள் எழுதியது கண்ணில் பட்டது. இனி மண்ணையும் சோதிக்க வேண்டும் என்று விதி மாறியது. ராஜாத்தியின் வயல் மண்ணை எடுத்துச் சோதித்து, பண்ணையை மூடினார்கள். பாராட்டு விழா மேடையில் அதிகாரிக்கு மாலை விழுந்தது.

தீபாவளித் துணி எடுக்கத் திருத்துறைப்பூண்டி போன ராஜாத்தி, ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த அனுராதாவைக் கண்டு திகைத்து நின்றாள். பிறகு நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"ஒனக்கு விழ வேண்டிய மாலைம்மா அது."

அனுராதா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"எவ்வளவு ஆழத்துலக்கா மண்ணு எடுத்தாங்க?"

ராஜாத்தி முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். சரிதான் என்று அனுராதா தலையாட்டினாள். கல்லாவிலிருந்து முதலாளி, வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று அதட்டினார். அவள் அடுத்த சேலையை உதறி விரித்தாள்.