வெளுக்காத ஊதாக் குடை

"அத்தான், துணியைக் கீழே போடுங்க!"

தோள்பையைக்கூட இறக்காமல் பாய்ந்து, அத்தானின் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கினாள் அவள். ஏல நிறுவனத்தில் பழைய படங்களை மதிப்பிடுவது அவள் வேலை. கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்குவதால் அக்கா வீட்டில் அவள் பெயர் லென்ஸ்.

"கண்ணாடியைத்தான் துடைச்சேன், உள்ள இருக்கிறவளைத் தொடலை," என்றார் அத்தான். "பாரு, ஒரே துடைப்புல பத்து வயசு குறைஞ்சுட்டா!"

சட்டத்துக்குள் குடையோடு திரும்பிப் பார்க்கும் ஜப்பானியப் பெண். கப்பலில் சமையல்காரராக இருந்த அத்தானின் அப்பா வாங்கி வந்த மரக்கட்டை அச்சுப் படம். இருபது வருடமாகக் கூடத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே அவள் ராஜ்ஜியம்தான்.

மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்கு ஏலப் பட்டியல் அச்சேறுகிறது. அதற்குள் அசலா நகலா என்று மேலாளரிடம் சொல்லியாக வேண்டும். போன மாதம் ஒரு மறுபதிப்பை அசல் என்று சொல்லி மாட்டிக்கொண்டவள் லென்ஸ். இன்னொரு முறை தவறினால் வேலை போய்விடும்.

சட்டத்தைக் கவிழ்த்தாள்.

"இந்த டேப்பு புதுசா இருக்கே? யார் ஒட்டினது?"

"எங்கப்பாதான், வேற யாரு?"

மேஜையருகே நின்ற அக்கா, சட்டென்று ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள்.

லென்ஸ் டேப்பைக் கிழித்துப் படத்தை வெளியே எடுத்தாள். தும்மல் வந்தது. பூச்சி உருண்டை வாசனை! யோசிக்க நேரமில்லை. தாளின் முதுகைப் பார்த்தாள். வண்ணம் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. கட்டை மேல் தாளை விரித்துக் கையால் அழுத்தித் தேய்த்ததில் விழுந்த வட்டத் தடங்கள் தெரிந்தன. முன்பக்கம் புருவக் கோடு எங்கும் அறுபடவில்லை. தேய்ந்துபோகாத கட்டையில் எடுத்த அச்சு.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள்.

"நான் சொல்லலை? அவ கண்ணைப் பார்த்தாலே தெரியுமே!"

"தினமும் காலையில காபியோட உக்காந்து அந்தக் கண்ணைத்தானே பார்க்கிறீங்க," என்றாள் அக்கா. "என் கண்ணு என்ன நிறம்னு கேட்டா முழிப்பீங்க."

அப்போதுதான் லென்ஸ் குடையைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"அத்தான், இந்தக் குடை ஊதா."

"பளிச்சுன்னு இருக்கில்ல? எல்லாம் என் கைவண்ணம்."

"அதான் பிரச்சினை. அந்தக் காலத்து ஊதா வெயிலைத் தாங்காது. சில வருஷத்துலயே வெளுத்துச் சாம்பலாயிடும். இது இருபது வருஷம் ஜன்னல் எதிர்ல தொங்கியிருக்கு. இப்படி இருக்கவே முடியாது. யாரோ புது மை பூசியிருக்காங்க. இல்லேன்னா இது கெட்டிக்காரத்தனமான நகல்."

"எங்கப்பாவை ஏமாத்திட்டாங்களா?" அத்தான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நீ நல்லாப் பாரும்மா. இன்னிக்குத் தவிர ஒரு நாள்கூட நான் இவளைச் சுவத்துலேருந்து இறக்கினதில்லை. சத்தியமா!"

அந்தச் சத்தியம்தான் படத்துப் பெண்ணைக் கவிழ்த்தது. மூன்று ஐம்பத்தைந்து. லென்ஸ் போனை எடுத்தாள். மறுமுனையில் மேலாளர்.

"என்ன, அசலா நகலா?"

"சார், மத்ததெல்லாம் சரி, ஆனா அந்த ஊதா..."

"ஏய், இரு!" அக்கா போனின் வாயைப் பொத்தினாள். காது மடல் சிவந்திருந்தது. "வெயில் படலைன்னா ஊதா அப்படியே இருக்குமா?"

"இருக்கும். இருட்டுல வெச்சிருந்தா நூறு வருஷமானாலும் இருக்கும்."

"அப்போ அசல்னு சொல்லு. கல்யாணமான மறுவாரமே இவளைப் பெட்டிக்குள்ள கம்பளிப் போர்வைக்கு அடியில படுக்க வெச்சுட்டேன், பூச்சி உருண்டையோட. இன்னிக்கு விடிஞ்சதும் நீ வரேன்னு எடுத்து மாட்டினேன்."

லென்ஸ் அக்காவைப் பார்த்தாள். தாளை எடுத்து மறுபடி முகர்ந்தாள். பிறகு போனில் நிதானமாகச் சொன்னாள்: "அசல், சார். உத்தரவாதம்."

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். பார்வை காலிச் சுவருக்கும் மனைவிக்கும் இடையே அலைந்தது.

"அப்போ இருபது வருஷமா நான் காபி குடிச்சது யார்கூட?"

"தெருமுனைக் கடையில எடுத்த கலர் ஜெராக்ஸ்கூட."