கடைசி பஸ்ஸின் தரை

மறுபடியும் ஓட்டை விழுந்தது. அவள் வெல்டிங் துப்பாக்கியின் விசையை விட்டுவிட்டு முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். தகடு சிவந்து, நடுவில் மிளகு அளவுக்குத் திறந்து, அதன் வழியாகக் கீழே பட்டறையின் சிமெண்டுத் தரை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு உருகி உள்வாங்கி, மிளகு பட்டாணியானது.

தகட்டில் ஓட்டை விழுவதெல்லாம் தொழில் பழகிய காலத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். இன்று காலையிலிருந்து இது இரண்டாவது.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில், அண்ணன் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். நேற்று பிற்பகல் இறந்துபோனார். இன்று பிற்பகல் எடுத்துப்போக வேண்டும். எடுத்துப்போக வேண்டிய வண்டிக்குத்தான் தரை இல்லை.

அது அண்ணனின் சொந்த வண்டி. அமரர் ஊர்தி என்று பக்கவாட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வண்டிக்கும் அவருக்கும் சேர்த்துக் கடைசி பஸ் என்று ஒரே பேர்தான். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கோபம் வராது. "நம்ம பஸ்ல ஏறினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல," என்பார். ஒவ்வொரு முறை மயானத்திலிருந்து திரும்பியதும் பின்கதவைத் திறந்து, குழாயை நீட்டி, உள்ளே கழுவி விடுவார். அந்தத் தண்ணீர் ரப்பர் விரிப்புக்கு அடியில் போய்த் தங்கித் தங்கித் தரையைத் தின்றுவிட்டது. அவர் படுக்கையில் விழுவதற்கு முன்பே, "கொஞ்சம் பாரும்மா, யாராவது பாதி வழியில இறங்கிரப் போறாங்க," என்று சொல்லியிருந்தார்.

பார்க்க முடியவில்லை. வயிற்றில் கட்டி என்று தெரிந்து, அறுத்து எடுத்து, அது திரும்ப வளர்ந்து, அவரை இவள் தன் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பட்டறையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் ஓடவில்லை. ஸ்பூன் தட்டில் படும் சத்தத்துக்கே அண்ணன் முகம் சுருங்கும். சத்தமில்லாத வேலைகளாகப் பார்த்து எடுத்தாள். மற்றதை வெளியே போய்ச் செய்துவிட்டு வந்தாள். வீட்டில் எல்லாரும் பூனை மாதிரி நடந்தார்கள்.

கடைசி நாட்களில் நர்ஸ் வந்து ஊசி போட்டதும் அண்ணன் தூங்க ஆரம்பித்தார். நேற்று மதியத்துக்கு மேல் மூச்சு ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் கவனித்தாள், தன் தோள்கள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. எத்தனை மாதமாக அவற்றைக் காது வரைக்கும் தூக்கியே வைத்திருந்தாளோ.

கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். முகம் கழுவினாள். சாயங்காலம் பட்டறையைத் திறந்து, வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றி, கிரைண்டரைப் போட்டாள். அது வீறிட்ட வீறிடலில் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அவள் நிறுத்தவில்லை. இற்றுப்போன தரையை நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டி எடுத்தாள்.

இன்று காலையில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுதுரும்மா. உள்ளயே வச்சுக்காத," என்றாள். உள்ளே வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று இவள் தேடிப் பார்த்தாள். லேசாக இருந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டால் அந்தக் கவலை இல்லை. அதனால்தான் விடிந்ததும் இங்கே வந்துவிட்டாள்.

ஆனால் அக்கா வருவாள். முகமூடிக்கெல்லாம் அக்கா அசருகிற ஆள் இல்லை.

இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று அண்ணன் சொன்னதை அக்காவிடம் சொல்லும் வேலை இவள் தலையில்தான் விழுந்தது. அக்கா வேறு ஊரில் தையல்கடை வைத்திருந்தாள். இவள் ஃபோனில் சொன்னதும், "அவன் சொன்னா நீ கேட்டுக்கிட்டு இருப்பியா? தூக்கி வண்டில போட்டுக் கொண்டுபோக வேணாம்? அவனைச் சாகடிக்கத்தான் உன் வீட்ல வச்சிருக்கியா?" என்று கத்திவிட்டு வைத்தாள். அதன் பிறகு என்ன விசாரிப்பதானாலும் இவள் கணவனைத்தான் கூப்பிட்டாள். நேற்றும் தகவல் சொன்னது அவர்தான்.

அவள் ஓட்டையைப் பார்த்தாள். வெல்டிங் மெஷினில் கரண்டைக் குறைத்தாகிவிட்டது. இருப்பதிலேயே மெல்லிய கம்பியைத்தான் போட்டிருந்தாள். பாக்கி இருப்பது கைதான். மெல்லிய தகட்டில் கோடு இழுக்கக் கூடாது. ஒரு பொட்டு வைத்துவிட்டு விசையை விட வேண்டும். சிவப்பு அடங்க வேண்டும். அடுத்ததை அதன் பக்கத்தில் வைக்காமல் எதிர்மூலையில் வைக்க வேண்டும். அப்படியே சுற்றிச் சுற்றி வந்தால் பொட்டும் பொட்டும் சேர்ந்து கோடாகிவிடும். காலையிலிருந்து அவள் கை ஒவ்வொரு முறையும் சிவப்பு அடங்குவதற்கு முன்னாலேயே அழுத்திக்கொண்டிருந்தது. கீழேயிருந்து செம்புப் பட்டை பிடித்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். எப்போதும் பிடிப்பது கணவன். அவர் குழி தோண்டுவதைப் பார்க்க மயானத்துக்குப் போயிருந்தார்.

பட்டறை வாசலில் வெளிச்சம் மறைந்தது. அக்கா நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது; வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

இவள் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்தச் சட்டியக் கழட்டு," என்றாள் அக்கா.

கழற்றினாள். அக்கா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கிட்டே வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். புதுத் தகட்டுக்கும் பழைய தரைக்கும் நடுவே இருந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டு ஆட்டினாள்.

"இதுலயா அவனைக் கொண்டுபோறே?"

"இதுலதான்க்கா. முனிசிபாலிட்டி வண்டில ஏத்தினா எழுந்து இறங்கிருவேன்னு சொல்லியிருக்காரு."

"சொல்லுவான்." விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "ஏன் இப்படி ஓட்டையாப் போகுது?"

"தகடு மெலிசு. அடியில யாராவது செம்பு பிடிச்சா ஓட்டை விழாது. அவரு வந்ததும் பிடிப்பாரு."

"நான் பிடிக்கறேன்."

"கீழ படுக்கணும்க்கா."

"படுக்கறேன். நான் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கேன்?"

கணவனின் பட்டறைக் கோட்டை அக்காவுக்குப் போட்டுவிட்டாள். தோல் கையுறை கொடுத்தாள். நீளக் குறட்டில் செம்புப் பட்டையைக் கவ்வி அக்கா கையில் வைத்தாள். அக்கா சாக்கை விரித்துக்கொண்டு, முனகியபடி வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனாள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"முதல்ல நாலு பக்கமும் அங்கங்க பொட்டு வைப்பேன். அப்புறம்தான் நடுவுல நிரப்பறது."

"நாங்க தைக்கறதுக்கு முன்னாடி நூல் ஓட்டிக்கற மாதிரி. அதானே? சொல்லு, எங்க பிடிக்கணும்?"

"இன்னும் கொஞ்சம் இடது. உன் இடது."

"மல்லாக்கப் படுத்திருக்கேன்டி. எது என் இடதுன்னு எனக்கே தெரியல."

செம்பு தகட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. "அங்கயேதான். கண்ணை மூடிக்கோ."

"மூடிட்டேன்."

அழுத்தினாள். விட்டாள். பொட்டு வெள்ளையாகி, ஆரஞ்சாகி, தட்டையாக உட்கார்ந்தது. விழவில்லை. எதிர்மூலைக்கு நகர்ந்தார்கள். அக்காவின் கை நடுங்காத கை. ஊசி பிடித்த கை. கொஞ்ச நேரத்தில் இடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தகட்டை இரண்டு முறை தட்டினால் போதும், செம்பு அங்கே வந்துவிட்டது.

"ரொம்பக் கஷ்டப்பட்டானா?" தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"முன்னாடி பட்டாரு. கடைசில இல்ல. ஊசி போட்டதுக்கு அப்புறம் தூக்கம்தான்."

"நேத்து?"

"நேத்தும் தூக்கம்தான். மூச்சு தள்ளித் தள்ளி வந்துச்சு. அடுத்தது வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அடியில் அக்கா குறட்டைக் கை மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஆறிருச்சா? அடுத்ததை வை," என்றாள் அக்கா.

வைத்தாள். ஓட்டை விழுந்திருந்த இடத்துக்கு வந்தார்கள். அதன் விளிம்பில் ஒன்று, ஆறவிட்டு எதிர்விளிம்பில் ஒன்று என்று வைத்து வைத்து, வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்னைக் கேட்டானா?"

"கேட்டாரு. அக்கா இன்னும் கோபமா இருக்காளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

"அதுக்கு?"

"இருக்கட்டும், அவ கோபப்பட்டாத்தான் நம்ம வீட்ல ஏதாவது வேலை நடக்கும்னாரு."

கீழே ஒரு சத்தம் கேட்டது. இருமலா என்னவென்று புரியவில்லை. செம்பு ஆடியது.

"ஆட்டாதக்கா."

"ஆட்டல." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அன்னைக்கு ஃபோன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விடுக்கா."

"எதை? செம்பையா?"

"அதை விட்டுறாத."

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடிக்குள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அக்கா கீழேயிருந்து வேறு குரலில், மெதுவாகப் பேசினாள்.

"நேத்து தகவல் வந்ததும் என்ன பண்ணினேன் தெரியுமா? சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி. போட்டுப் போட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பார்க்கறாரு, இவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு."

அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். பொட்டு சிவந்து, கறுத்து, அடங்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னைக்குக் காலையில ரேடியோ போட்டுட்டேன்க்கா," என்றாள். "எத்தனை மாசமாப் போடல. பல்லு விளக்கிட்டு வந்தேன், கை அது பாட்டுக்குப் போய்த் திருகிருச்சு. அண்ணன் முன்னறையில இருக்காரு, இங்க ரேடியோ பாடுது. எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து அணைச்சாரு."

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. காய்கறி விலை."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "என்ன விலையாம்?"

"தக்காளி இறங்கியிருக்காம்."

அவ்வளவுதான். அடியில் அக்காவும் மேலே இவளும் சத்தம் வராமல் இருக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்ததில் ஸ்டாண்டில் நின்ற வண்டியே குலுங்கியது. அப்போது கணவன் மயானத்திலிருந்து திரும்பி வாசலுக்கு வந்தார். மண்டியிட்டுத் தோள் குலுங்கும் மனைவியையும், வண்டிக்கு அடியில் துடிக்கும் இரண்டு பாதங்களையும் பார்த்தார். அழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, காலடி கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். அதைப் பார்த்துவிட்டு இவளுக்கு இன்னும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கடைசியில் நிஜமாகவே அழுகையும் வந்தது. கீழே அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தகட்டை இரண்டு முறை தட்டினாள். செம்பு வந்தது.

மதியத்துக்குள் தரை முடிந்தது. மேடு தெரிந்த இடங்களை லேசாகத் தேய்த்து, துருப் பிடிக்காத சிவப்புப் பெயிண்டை அடித்து, அது காய்ந்ததும் ரப்பர் விரிப்பைப் போட்டாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினாள். முதலில் ஒரு காலை வைத்தாள். பிறகு நடுவில் நின்று குதித்தாள்.

"தாங்கும்," என்றாள்.

பெட்டியை ஏற்றினார்கள். வண்டியை யார் ஓட்டுவது என்று கூட்டத்தில் யாரோ கேட்டார். அவள் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் ஏறினாள். கணவன் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தார். தெரு நெடுக வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் அவள் கியரைக் குறைத்து, முன்சக்கரத்தை ஏற்றி, பின்சக்கரத்தை ஏற்றி, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு போனாள். தரையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

மயானத்தில் மண் ஈரமாக இருந்தது. நேரம் அதிகம் ஆகவில்லை. பெட்டி இறங்கும்போது அக்கா இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், மூடி முடிக்கும் வரைக்கும் விடவில்லை. அண்ணன் தன் வண்டியில் ஏற்றிப்போனவர்களின் வீட்டாட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, "நல்ல மனுஷன்மா. அவசரமே பட மாட்டாரு," என்றார்கள்.

திரும்பும்போது கணவன் மற்றவர்களோடு போய்விட்டார். வண்டியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். சந்தைத் திருப்பம் வரைக்கும் அக்கா பேசிக்கொண்டு வந்தாள்: கடையில் தைத்து முடிக்காமல் கிடக்கும் துணிகள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்ற யோசனை, இவளுக்கு இன்னும் கொஞ்சம் சதை போட வேண்டும் என்ற அபிப்பிராயம். "ஏன், நீ போட்டுப் போட்டுச் சாப்பிட்டா எனக்குச் சதை போடுமா?" என்று இவள் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அக்கா ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்து எலும்பில் சிவப்புப் பெயிண்டு ஒரு தீற்றல்.

பழைய டீசல் வண்டி, எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் ஒருமுறை உதறிவிட்டுத்தான் நிற்கும். அவள் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.