முதற்பலனாய்ப் போன ஈயக்கல்

சிதறாலுக்கு அருகே, ஜெபகுமாரி அக்காவின் ரப்பர் தோட்டத்துக்கு அடியில், வெள்ளி கலந்த ஈயமும் துத்தநாகமும் பாறைக்குள் ஒரு நரம்பாக ஓடுகிறது என்று எங்கள் சுரங்கக் கம்பெனியில் நம்பிய நிலவியலாளர் நான் ஒருத்திதான். மன்னர் காலத்தில் ஒரு துரை அங்கே குழி தோண்டி, மின்னும் கல்லைப் பார்த்துவிட்டு, காய்ச்சலோடு கப்பலேறிவிட்டார். எழுபதுகளில் வந்தவர்கள் துளை போட்டார்கள். நரம்பு மேற்கே சாய்ந்து இறங்குகிறது. அவர்களோ லாரி போக வசதியாக இருந்த கிழக்குப் பக்கம் இயந்திரத்தை நட்டார்கள். துளை நரம்பைத் தொடவே இல்லை. என்ன புத்தியோ!

நாங்கள் மேற்கே நின்றே துளைத்தோம். ஆனால் நரம்பு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் நூலாகிவிடும். மூன்று துளைகளிலும் வெறும் பாறை. நான்காவதில், சனிக்கிழமை மத்தியானம், ஒரு சாண் நீளத்துக்கு ஈயக்கல் பளபளவென்று வந்து விழுந்தது. நான் கத்திய கத்தலில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் ஓடி வந்தார்கள். துளை இயந்திரம் ஓட்டும் ஞானையன் அண்ணன் கண்ணை மூடி ஜெபித்தார்.

சென்னையில் இருக்கும் என் மேலதிகாரி அல்போன்ஸ் சாருக்குப் படம் அனுப்பினேன். "படத்த வச்சு வெள்ளிய அளக்க முடியாதும்மா. திங்கட்கிழமை கல்லு லேப்ல இருக்கணும். இல்லேன்னா மிஷின் ஆந்திராவுக்குப் போயிரும்" என்றார்.

ஞாயிறு காலை, பஸ்ஸில் அனுப்பக் கல்லை எடுக்க, துளையில் வந்ததை வரிசையாக அடுக்கும் பெட்டியைத் திறந்தேன். கல் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை இருந்தது. கல் கிடைக்காத ஆழத்துக்கு அடையாளமாகக் கட்டை வைப்பது எங்கள் தொழில் வழக்கம். வைத்தவர் ஞானையன் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். அவர் போன் அணைந்து கிடந்தது. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு அவருடைய சபைக்குப் பறந்தேன்.

அங்கே அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, முற்றத்தில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மேசையில் சக்கைப்பழம், மரச்சீனிக் கிழங்கு, காலைக் கட்டிய சேவல். நடுவில் என் கல்!

"அண்ணே, என்ன வேல செய்து வச்சிருக்கீங்க?"

"ரப்பர்னாலும் மொதல் ஷீட்டு கர்த்தருக்குத்தான மேடம்? இதும் மொதல் வெளச்சல்லா. தேங்கா எண்ணெ பூசியிருக்கேன், என்னா மினுக்கம் பாருங்க."

திருப்பிக் கேட்கலாம் என்றால், காணிக்கை கொடுத்தால் கொடுத்ததுதான். சபைச் செயலாளர் எபிசன் கல்லைத் தூக்கிக் காட்டினார். நான் கை தூக்கினேன். அதே சபைக்காரரான ஜெபகுமாரி அக்காவும் தூக்கினார். அது அவர் நிலத்தில் விளைந்ததாம்! நான் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். கேட்கக் கேட்கக் கூட்டத்துக்குக் குஷி. கடைசியில் என் சம்பளம் தாங்காது என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். கல் அக்காவுக்குப் போனது.

அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். முட்டம் கடற்கரைக்காரி அழுதால் அடக்கமாகவா அழுவாள்?

"ஏட்டி பிரிஜா, ஒரு கல்லுக்கா இந்தக் கரச்சலு?" என்றார் அக்கா.

"இது இன்னைக்கு பஸ் ஏறலேன்னா மிஷின் போயிரும் அக்கா. பொறவு ஒருத்தனும் இங்க தோண்ட வர மாட்டான்."

அக்கா ஏலக் காசை எபிசனிடம் கொடுத்தார். பிறகு கல்லை மறுபடி மேசையில் வைத்தார். ஏலம் எடுத்ததைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பதும் அங்கே உண்டு. அதற்கு மறு ஏலம். "கேளுங்க" என்றார் எபிசன்.

ஒரு முட்டைக்குக்கூட மல்லுக்கட்டும் கூட்டம் அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மக்கா, நீ கேட்டாத்தான ஏலம்" என்றார் அக்கா.

"பத்து ரூபா" என்றேன்.

"ஒரு தரம்."

பத்து ரூபாய்க்குப் போகும் தன் முதல் விளைச்சலைப் பார்த்தபடி ஞானையன் அண்ணன் தலை குனிந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு தரம்."

"நூறு!" என்றேன்.

எபிசன் திகைத்தார். "ஒன்ன எதுத்து ஆருமே கேக்கல்லியே."

"நான் கேக்கேன். இருநூறு!"

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. ஞானையன் அண்ணன் தலை நிமிரும்வரை நான் என்னையே எதிர்த்துக் கேட்டுக்கொண்டே போனேன்.