தவணைக் கடுதாசியின் நகல்

இந்தக் காலத்தில் மனிதன் நிற்கிறான், ஹெல்மெட் உட்கார்ந்திருக்கிறது. தாலுகா அலுவலக வராந்தாவில் கிடந்த ஒரே பெஞ்சின் நடுவில் சிவப்பு ஹெல்மெட் ஒன்று இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரன் பக்கத்திலேயே குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். எதிரில் எழுபதைத் தாண்டிய ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம் என்ற நினைப்பு அவனுக்கு வரவில்லை. அவனுக்கு மட்டுமா? வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவன் மயங்கி விழுந்தாலும் படம் எடுத்துவிட்டுத்தான் கை கொடுப்பார்கள் என்று தூணைப் பிடித்து நின்ற குப்பண்ணன் நினைத்தார். கேட்டு வாங்கி உட்காருகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஹெல்மெட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பையன் நிமிர்ந்து முறைத்தான்.

"என்ன பாக்கறே? அது ஒண்ணும் அழுவாது. நீ போனைப் பாரு."

அவர் வந்திருந்தது ஒரு நகலுக்காக. சில வருடங்களுக்கு முன் மகன் கோபிநாத் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடியோடு கட்டினான். கட்டட வரிக்காக அளக்க வந்தவர்கள் வீட்டோடு நிற்கவில்லை. சுவரை ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டகையிலும் டேப்பை இழுத்தார்கள். மாடு படுக்கிற இடத்துக்கும் மனிதன் படுக்கிற இடத்துக்கும் ஒரே வரி. குப்பண்ணன் கத்திப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் இதே அலுவலகத்தில் தவணையாகக் கட்டிக்கொள்ளச் சம்மதித்து ஒப்பந்தம் எழுதினார்கள். கேரளத்து ஆபீசு, எல்லாம் அவருக்குப் படிக்க வராத மலையாளத்தில் இருந்தது. ஒரு காப்பி கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டார். இங்கேயே பத்திரமாக இருக்கும், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் தவணைகளை வில்லேஜ் ஆபீசில் கட்டிக்கொண்டுதான் வந்தார். இப்போது வில்லேஜ் ஆபீசுக்குப் புதிதாக வந்த ஆபீசர், ரசீதில் கட்டிய பணம்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரில் தவணை என்று எதுவும் இல்லை, பாக்கி முழுவதையும் வட்டியோடு வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் கொட்டகையையும் அது நிற்கிற மண்ணையும் ஜப்தி செய்வோம் என்று நோட்டீசை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். ஒப்பந்தத்தைக் காட்டினால் நோட்டீசை எடுத்துவிடுவார்களாம். கொட்டகையில் நிற்பவை மருமகள் யோகப்பிரியாவின் கறவை மாடுகள். மீனாட்சிபுரம் பால் சொசைட்டிக்கு அவள் ஊற்றுகிற பாலில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. கோபிநாத்தின் கோயமுத்தூர்ச் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்விடும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜின்சன் என்ற குமாஸ்தா இருந்தான். மலைப்பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவான். வயசானவர்கள் எல்லாம் அவனுக்குக் காரணோர். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அதுதான் குப்பண்ணனுக்கு இன்னும் கோபம். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"கிட்டி, காரணோரே," என்று தேடிக் கிடைத்த ஃபைலைத் தூக்கிக் காட்டினான். கம்பிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தக் காகிதம் இருந்தது. அடியில் நீல மையில் தன் பெருவிரல் பதிந்திருப்பதைக்கூட அவரால் பார்க்க முடிந்தது. "பட்சே ஒரு பிரஸ்னம் உண்டு. இதுல இருக்கறது விரலடையாளம். நகல் வேணும்னு இப்ப நீங்க குடுத்த மனுவில பேரெழுதி ஒப்பு போட்டிருக்கு."

"ரெண்டும் என்ற கைதானுங்க."

"எழுதத் தெரிஞ்ச ஆளு எதுக்கு விரல் வைக்கணும்?"

"சர்க்காருக்கு நான் விரலுதான் வெப்பேன். இந்தத் தடவ மருமக சொன்னான்னு கையெழுத்துப் போட்டேன்."

ஜின்சன் தலையைச் சொறிந்தான். "உங்க ஊர்ல குப்பண்ணன்னு மூணு பேர் உண்டு. வேற ஆளோட கடலாச எடுத்து உங்க கையில குடுத்தா, ஆடிட்டுல எண்ட கழுத்தாக்கும் போறது."

"ஆதாரு குடுத்திருக்கறனல்லொ."

"ஆதார்ல நீங்க குப்பண்ணன். சரி. இதுல விரல் வெச்ச குப்பண்ணன் நீங்கதான்னு ஆதார் சொல்லுமோ?"

"அப்ப விரல வெட்டி ஜன்னல்ல வெச்சுட்டுப் போகட்டுமா? நல்லாத் தேச்சுப் பாத்துட்டு சாயங்காலம் குடுத்துருங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குப்பண்ணன் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உயர்ந்த குரலில் சொன்னார்: "எழுதி வாங்குனது நீங்க. பூட்டி வெச்சது நீங்க. இப்ப எங்கே காட்டுன்னு கேக்கறதும் நீங்க. நடுவுல நான் ஆருங்கறதயும் நானே வந்து சொல்லோணுமா?"

ஜின்சன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். "சாட்சி ஒருத்தர் உண்டு. நஞ்சப்பன். அவர் வந்து இவர்தான் அவர்னு எழுதிக் குடுத்தா அப்பவே நகல் தரலாம்."

அந்தப் பெயரைக் கேட்டதும் குப்பண்ணன் கம்பியை விட்டுவிட்டார்.

பால் சொசைட்டியில் வாரம் தவறாமல் கையெழுத்துப் போட்டுத்தான் அவர் பணம் வாங்குகிறார். பெரிய பெரிய எழுத்தாக, கோணாமல், ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தி வைப்பார். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவன் தெரிந்த முகம். முகம் தெரியாத சர்க்காருக்கு விரல்தான். அது அவர் அப்பாவின் காலத்திலிருந்து வருகிற வழக்கம். அப்பா ஒரு வட்டிக்காரனிடம் தெற்குக் காட்டை இழந்தார். கோர்ட்டில் காட்டிய பத்திரத்தில் இருந்தது தன் கையெழுத்தே இல்லை என்று அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. எழுத்தை எவன் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், சாமி கொடுத்த ரேகையை எவன் கொண்டுவருவான் என்று அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆண்கள் கவர்ன்மெண்டுக் காகிதம் எதைக் கண்டாலும் பெருவிரலைத்தான் நீட்டினார்கள். ஏமாற்றவே முடியாத வழி என்று குப்பண்ணன் அதை நம்பியிருந்தார். ஏமாற்ற வந்தவன் என்று அவரையே நினைக்க வைக்க அது உதவும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் யோகப்பிரியா மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நோட்டீஸ் கொட்டகைத் தூணில் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. கன்றுக்குட்டி அதன் ஒரு மூலையை நக்கித் தின்றிருந்தது.

"ஏனுங்க மாமா, நஞ்சப்பன் மாமாவக் கூப்புட்டா என்னங்க கொறஞ்சு போயிரும்?"

"அவனயா? அவங்கிட்டப் போயி நிக்கறதுக்கு..."

"அப்ப வெள்ளிக்கிழமை மாட்டக் கொண்டுபோயி எங்கீங்க கட்டறது? உங்க ரோசத்து மேலயா கட்டறது?"

 நஞ்சப்பன் அடுத்த தோப்புக்காரன். போன கோடைக்கு முந்தின கோடையில், வாய்க்கால் தண்ணீர் முறை குப்பண்ணனுக்கு இருந்த நாளில், திருட்டுத்தனமாக மோட்டார் வைத்து ஓஸைப் போட்டு உறிஞ்சினான்.  குப்பண்ணன் அரிவாளை எடுத்துப்போய் ஓஸைத் துண்டு துண்டாக நறுக்கி வாய்க்கால் மேட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு வந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இழவு வீட்டில்கூட ஒருவர் எழுந்த பிறகுதான் மற்றவர் உட்காருவார்.

காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். நஞ்சப்பன் தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்து என்று இல்லாமல் குப்பண்ணன் சொன்னார்:

"தாலூக்காபீஸ்ல கூப்புடறாங்க. சாட்சி போட்டவன் வரோணுமாமா."

நஞ்சப்பன் நிமிரவில்லை. "சர்க்காரு கூப்புட்டா தபால்காரனல்லொ வருவான். நீ எப்பப்பா அந்த வேலைக்குச் சேந்தே?"

"வந்தா வா. பஸ்ஸுக் காசு நான் குடுத்தர்றேன்."

"ஓஸுக் காசு?"

குப்பண்ணன் திரும்பி நடந்தார். முதுகு எரிந்தது. மாட்டை விற்றுவிடலாம், கொட்டகையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று நாலு எட்டு வைத்திருப்பார்.

"எந்த பஸ்ஸுன்னு சொல்லாம போனா எப்புடி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஜன்னல் முன்னால் இருவரும் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். ஜின்சன் நஞ்சப்பனின் ஆதாரைப் பார்த்தான், சாட்சிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தான், பிறகு பேனாவால் குப்பண்ணனைக் காட்டினான்.

"இவரத் தெரியுமோ?"

சந்தையில் மாடு பிடிக்கிறவனைப் போல நஞ்சப்பன் குப்பண்ணனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். அவசரமே படவில்லை. "எப்புடிங்க தெரியும்னு சொல்றது? ரெண்டு வருசமா ஒரு வார்த்த பேசல. பேசாத ஆளத் தெரியும்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கல்லொ வம்பு?"

குப்பண்ணன் மறுபடியும் கம்பியைப் பிடித்தார். எழுபது வருடம் இந்த மண்ணில் இருந்தாகிவிட்டது. வாக்கு இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, சுடுகாட்டில் பாதி ஊரைக் கொண்டுபோய் வைத்தாயிற்று. ஆனாலும் தான் யார் என்பது இந்த ஓஸ் திருடனின் நாக்கு நுனியில் தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டது ஆபீசு. வருடக்கணக்காக ஒரே மூஞ்சியைப் பார்த்துத் தவணை வாங்கினவர்களில் ஒருவனுக்கும் அந்த மூஞ்சி ஞாபகம் இல்லை.

"தெரியாதோ?" என்றான் ஜின்சன்.

"ஆனா என்ற ஓஸ அறுத்தது இந்தக் கைதானுங்க," என்றார் நஞ்சப்பன். "அருவாளப் புடிச்ச பெருவிரலும் இதேதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எங்க எழுதோணும், சொல்லுங்க."

ஜின்சன் வாய்விட்டுச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் நகல் வந்தது. ஈரம் காயாத முத்திரையோடு கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டினான். குப்பண்ணன் வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க."

"முழுசுமா, காரணோரே? பின்னாடி ஆள் நிக்குது."

"முழுசும்தான். பாதிய நீங்களே வெச்சுக்கலாம்னு பாத்தீங்களா?"

ஜின்சன் பெருமூச்சு விட்டுவிட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். பெயர், சர்வே நம்பர், தவணைகள். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. "ஒரு தவணை தேதி தவறினாலும் இந்தச் சலுகை ரத்தாகும். பாக்கி முழுசும் வட்டியோட ஒரேயடியா அடைக்கணும்."

குப்பண்ணனுக்கு ஒரு தவணை ஞாபகம் வந்தது. மழைக்காலத்துத் தவணைக்கு அவர் போனபோது வில்லேஜ் ஆபீசில் சர்வர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் போய்க் கட்டினார். ரசீதில் அடுத்த வாரத் தேதிதான் இருக்கிறது.

"சர்வர் இல்லாம போனது என்ற தப்புல சேருமுங்களா?"

ஜின்சன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "நகலக் கொண்டுபோய்க் காட்டுங்க. விசயத்தச் சொல்லுங்க. சாதாரணமா அத ஒரு பிரஸ்னமாக்க மாட்டாங்க."

"சாதாரணமா," என்று குப்பண்ணன் திருப்பிச் சொன்னார். பிறகு பக்கத்தில் திரும்பினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நஞ்சப்பனின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "உனக்கு மலையாளம் படிக்க வருமல்லொ. சாட்சி போட்ட அன்னைக்கு இந்த வரியப் படிச்சியா?"

"படிச்சேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"நீ எங்கப்பா கேட்டே? பேனாவத் தொட்டா ஊட்ட எழுதி வாங்கிப் போடுவானுங்கன்னு மைப்பெட்டிய இழுத்து, விரல அமுக்கி, சுவத்துல தொடச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடுனே. அப்பப் பேச்சு வார்த்த இருந்துது. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"கேட்டாத்தான் சொல்லுவீங்க," என்றார் குப்பண்ணன். "நீயும் சரி, அவனுகளும் சரி."

காகிதத்தை மடிக்காமல் பிளாஸ்டிக் கவருக்குள் விட்டார். முத்திரையின் மை கவரில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. படியிறங்கி ரோட்டுக்கு வந்தார். நேராக வில்லேஜ் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். அங்கே அந்த ஆபீசர் எந்த வரியை முதலில் படிப்பான், தவணை கொடுத்த வரியையா, தவணையை ரத்தாக்குகிற வரியையா? இத்தனை நாள் இல்லாத கத்தியைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பது போல இருந்தது. கொடுக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை வரத்தான் போகிறது.

நஞ்சப்பன் தென்பக்கம் போகிற பஸ்ஸில் முந்திக்கொண்டு ஏறினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏறு குப்பண்ணா. சீட்டுப் போட்டிருக்கறேன். வில்லேஜ் ஆபீஸ்லயும் ஆருன்னு கேப்பானுங்க."

குப்பண்ணன் காதில் விழாதது போல நடந்தார். வெயில் தலைக்கு நேராக இருந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கவரை மார்போடு அணைத்து, ரோட்டோரத்துப் புளியமர நிழல்களில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பஸ் வந்து ஹாரன் அடித்து அவரைத் தாண்டியது. போகிற போக்கில் உள்ளே தெரிந்தது: நிற்க இடமில்லாத கூட்டம், நஞ்சப்பனின் பக்கத்தில் விரித்துப் போட்ட பச்சைத் துண்டு, அதை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் கையை ஆட்டுகிறான், நஞ்சப்பன் எடுக்கமாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். குப்பண்ணன் கையைக் காட்டவில்லை. புழுதி அடங்கட்டும் என்று ஒரு நிமிடம் நின்றார். பிறகு அதே திசையில் நடந்தார்.